ஊற்றின் மேல் கிடந்த கல்

தண்ணீர் குடித்து முடித்ததும் சொம்பின் வாயை ஏதேனும் ஒன்றால் மூடாமல் அவரால் அவ்விடத்தை விட்டு எழ இயலாது. தட்டு இருந்தால் தட்டு. இல்லையேல் பலா இலை. அதுவும் அகப்படாவிட்டால் தம் தோளில் கிடக்கும் துண்டை நான்காக மடித்து வைப்பார். சொம்பு காலியாக இருந்தாலும் மூடுவார்.

"காலிச் சொம்பை எதுக்குங்க மூடறீங்க?" என்று ஒருமுறை வினவினேன்.

"பாவம், காலியா இருக்கறத எல்லாத்துக்கும் காட்டிட்டு நிக்கோணுமாக்கும்?" என்றார்.

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணம் உண்டு. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு கூச்சம் கையைப் பிடித்துக்கொள்ளும். ஒருவர் வாழ்நாளெல்லாம் மூடி வைத்தவற்றை நான் திறந்து காட்டுவது முறையாகுமா என்ற கூச்சம் அது. ஆகவே அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. எங்கள் மலையின் ஒரு பகுதியான வளப்பூர் நாட்டில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததும் இல்லை. மிளகுக்கொடியின் வேரடியில் ஈரம் காயாதிருக்கச் சருகைப் பரப்பி வைப்பதை மூடாக்கு என்போம். அதுவே அவருக்குப் பட்டப்பெயராக அமைந்துவிட்டது. "மூடாக்கு வாராரு, வடைத் தட்ட எடுத்து உள்ள வை" என்பார் தேநீர்க் கடைக்காரர். ஏனெனில், கடையில் இவர் வந்து அமர்ந்த மறுகணமே வடைத்தட்டின் மீது செய்தித்தாள் விரிக்கப்பட்டுவிடும்.

"ஏனுங்க, விக்கற பண்டத்த மூடி வெச்சா எவன் வாங்குவான்?"

"ஈ மொய்ச்சதத்தான் வாங்குவானாக்கும்?"

"ஈ காசு குடுத்துட்டுத்தானுங்க மொய்க்குது, நீங்க சும்மா இருங்க!"

கடையே சிரிக்கும். அவரும் சிரிப்பார், சிரிக்கும்போது முன்பல் இல்லாத வாயைப் புறங்கையால் மூடிக்கொள்வார்.

நான் இந்த மலையில் பிறந்தவன் அல்லன். இராசிபுரத்துப் பக்கத்திலிருந்து, மிளகு வியாபாரி ஒருவரிடம் எடை போடும் ஆளாக இளமையில் மேலே வந்தவன். சோளக்காட்டுச் சந்தையில் தராசைப் பிடித்தபடியே என் தலை நரைத்தது. அதனால் அவர் என்னைத் 'தராசு' என்றே விளிப்பார். "ஏனுங்க தராசு, முள்ளு நேரா நிக்குதுங்களா?" என்பதே அவருடைய நலம் விசாரிப்பு. அவருடைய மிளகு மூட்டையைத் தொட்டாலே அவருடையது என்று தெரியும். வானத்தில் மேகமே இல்லாத மாசி மாதத்திலும் அந்தி சாய்ந்தால் களத்து மிளகின் மீது தார்ப்பாய் போட்டுக் கல் வைத்துவிடுபவர் அவர் ஒருவரே. அம்மிளகில் பனி இறங்கியதே இல்லை.

ஒருநாள் இருவரும் பேருந்தில் மலையிறங்கிக்கொண்டிருந்தோம். முன்னிருக்கையில் யாரோ ஒரு பெண் கைக்குழந்தையோடு உறங்கிக்கொண்டிருந்தாள். வளைவுக்கு வளைவு குளிர்காற்று உள்ளே புகுந்தது. இவர் தம் துண்டை எடுத்து, எட்டி, அந்தக் குழந்தையின் காதுகளை மூடினார். விழித்த தாய் திடுக்கிட்டுக் கூச்சலிட, பேருந்து முழுவதும் எங்கள் இருவரையும் முறைத்தது. "காத்துங்க கண்ணு… காதுக்குள்ள போயிரும்" என்று குழறினார். கீழே காரவள்ளியில் இறங்கும்போது அந்தப் பெண் துண்டைத் திருப்பித் தர வந்தாள். இவர் வாங்கிக்கொள்ளவில்லை. வெறும் தோளோடு வெயிலில் நடந்தார். அவருடைய அன்பும், அதனால் நேர்கிற சங்கடமும் எப்போதும் ஒரே துணிக்குள்தான் இருக்கும்.

இனி, நாங்கள் இருவருமாக வகுத்த ஒரு சுற்றுப்பாதையின் செய்திக்கு வருகிறேன்.

நாமக்கல்லில் விடுமுறைதோறும் மலையேறும் ஒரு சிறு குழு இருந்தது. அதன் தலைவர் நூற்பாலை ஒன்றில் மேற்பார்வையாளர். கழுத்தில் எப்போதும் ஊதல் தொங்கும். நான் தராசை விட்டு ஓய்ந்தபின் மலைமுகடுகளில் நடந்து திரிவதைக் கேள்விப்பட்டு என்னைத் தேடி வந்தார்.

"மூணு நாள் நடை வேணுமுங்க ஐயா. பஸ் விட்டு எறங்குன எடத்துக்கே வந்து சேரோணும். போன வழில திரும்பப்படாது. ரெண்டு ராத்திரி கூடாரம். கூடாரம் போடற எடத்துல தண்ணி இருக்கோணும். அது முக்கியம்."

ஒப்புக்கொண்டேன். முகடுகள் எனக்குத் தெரியும். தண்ணீர் எனக்குத் தெரியாது. ஆகவே அவரை அழைத்தேன்.

இருவரும் என் வீட்டு முன்னறையில் ஒரு சாக்கை விரித்து அமர்ந்தோம். மரவள்ளித் துண்டுகள் தங்குமிடங்கள். மிளகுமணிகள் தண்ணீர் கிடைக்கும் இடங்கள் என்று வைத்துக்கொண்டோம். செம்மேட்டில் இறங்கி, முதல் நாள் வளப்பூர் நாட்டு முகட்டின் புல்வெளி. இரண்டாம் நாள் எடப்புளி நாட்டில், கோடையில் மெலிந்தாலும் நின்றுவிடாத ஓர் ஓடைக்கரை. மூன்றாம் நாள் திருப்புலி நாட்டு மரவள்ளிக் காடுகளின் வழியே சாலையைப் பிடித்து, மீண்டும் செம்மேடு.

"மொத நாளு ராத்திரிக்கு இந்த எடந்தானுங்க" என்று ஒரு மரவள்ளித் துண்டை நகர்த்தினார். "பொறத்தால பாறை. காத்து அடிக்காது. ஊத்தும் பக்கத்துலயே இருக்குது." துண்டின் அருகே ஒரு மிளகை வைத்தார். வைத்துவிட்டு, வாசலில் கிடந்த ஒரு பலா இலையை எடுத்து வந்து அந்த மிளகின் மீது மூடினார்.

"மற்ற மிளகையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் ஏன் மூடினீர்கள்?"

"இது ஊத்துங்களே!" என்றார், நான் ஏதோ அறியாப்பிள்ளை என்பது போல.

நான் சிரித்தேன். கண்முன்னே காட்டினார், நான் வேடிக்கை என்று எண்ணிக்கொண்டேன்.

ஐப்பசியில் இருவருமாகப் பாதையை நடந்து பார்த்தோம். மழை ஓய்ந்த நேரம். பாறைக்குப் பாறை நீர் வழிந்தது. முகட்டுப் புல்வெளியில் கால் வைத்த இடமெல்லாம் சதசதத்தது. ஊற்று பொங்கிப் புல்லுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. குடித்துப் பார்த்து, "தண்ணீர் உண்டு" என்று மனநிறைவோடு திரும்பினேன். பங்குனியில் நடக்கப்போகிறவர்களுக்கு ஐப்பசியில் தண்ணீர் பார்த்தவன் நான். எடை போடத் தெரிந்தவன் இப்படி ஒரு பிழை செய்யலாகாது.

நடைக்கு முந்தைய நாள் அவர் என்னிடம் வந்தார். அவருடைய பசு ஈனும் தறுவாயில் இருந்தது. ஆகவே எங்களோடு வர இயலாது.

"ஆனா இன்னைக்கே போயி ஊத்தத் தூர்வாரி, தொறந்து வெச்சுட்டு வாரேனுங்க. நாளைக்கு நீங்க கண்ண மூடிட்டுப் போனாக்கூட காலு நனையும்."

அவர் சொல்லை நம்பி, குழுவினரிடம், "சுமை வேண்டாம், ஆளுக்கு ஒரு புட்டி தண்ணீர் போதும்" என்று சொல்லிவிட்டேன்.

குழுவில் ஓர் அம்மையார் இருந்தார். நாமக்கல்லில் தையற்கடை நடத்துபவர், நாற்பதைக் கடந்தவர், மலைநடைக்குப் புதியவர். வழியெல்லாம் கலகலப்பாகப் பேசி வந்தவர், உச்சி வெயில் சாய்ந்தபின் பேச்சைக் குறைத்தார். முகட்டை அடைந்தபோது எல்லாருடைய புட்டிகளும் வறண்டிருந்தன. புல்வெளி பழுத்துச் சருகாகிக் கிடந்தது. நான் ஐப்பசியில் கண்ட இடம் இதுதானா என்றே எனக்கு ஐயம் பிறந்தது.

ஊற்றைக் காணவில்லை.

புல்லை விலக்கித் தேடினோம். பாறை இடுக்குகளில் கைவிட்டுத் துழாவினோம். பள்ளத்தில் இறங்கி ஏறினோம். குழுத் தலைவர், சருகு மூடிய ஒரு பலகைக்கல்லின் மேல் பைகளையெல்லாம் குவித்து, தாமும் அதன்மேல் அமர்ந்து, தேடுவோரை ஊதல் ஊதி அங்குமிங்கும் ஏவிக்கொண்டிருந்தார். அந்த வேளையில்தான் தையற்கடை அம்மையார், "ஒண்ணுமில்லீங்க, சித்த உக்காந்துக்கறேன்" என்று சொல்லியபடியே அமர்ந்தார். அமர்ந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். கண்கள் செருகிவிட்டன.

பைகளை அங்கேயே விட்டுவிட்டு, அவரைத் தாங்கிக்கொண்டு சரிவில் இறங்கினோம். கீழே சில வீடுகள் மட்டுமே கொண்ட ஒரு குடியிருப்பு. அங்கிருந்த பெண்கள் ஓடி வந்து முகத்தில் நீர் தெளித்து, கேழ்வரகுக் கூழைக் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டினார்கள். அந்த அம்மையார் கண் திறந்தபின்னரே எனக்கு மூச்சு வந்தது.

"ஊத்தடில இருந்துக்கிட்டா தண்ணியில்லாம வந்தீங்க? கல்லத் தூக்கலீங்களா?" என்றாள் கூழ் புகட்டியவள்.

"எந்தக் கல்லம்மா?"

"ஊத்து மேல இருக்கற கல்லுதானுங்க! வெயில் காலத்துல அது ஒண்ணுதான எங்களுக்குக் குடிக்கறதுக்கு? தொறந்து கெடந்தா ராத்திரில பன்னி வந்து பொரண்டுட்டுப் போயிரும். கடைசியாக் குடிக்கறவங்க கல்ல இழுத்து மூடி, சருகு போட்டுட்டுத்தான் வரோணும். எங்க ஊரு மொறைங்க அது."

ஐப்பசியில் அந்தக் கல் ஓரமாய் ஒதுங்கிக் கிடந்திருக்கும். மழைக்காலத்தில் மூட வேண்டியதில்லை. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

மறுநாள் காலை, செய்தி அறிந்து, சாணமும் ஈரமுமாகத் தொழுவத்திலிருந்து அப்படியே முகட்டுக்கு ஓடி வந்தார் அவர். அந்த அம்மையாரைக் கீழேயே படுக்க வைத்துவிட்டு, பைகளை எடுக்க நாங்கள் அங்கே கூடியிருந்தோம். யாரிடமும் ஒரு சொல்லும் பேசாமல் பைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒதுக்கினார். தலைவர் அமர்ந்திருந்த அந்தப் பலகைக்கல்லின் விளிம்பில் விரல்களைக் கொடுத்துப் புரட்டினார். கீழே, குளிர்ந்து, தெளிந்து, அடிமணல் தெரியத் தண்ணீர் நின்றது. ஒரு சிறு தவளை எங்களைப் பார்த்தது.

பின்பு தலைவர் வெடித்தார்.

"என்னங்க பெரியவரே, தொறந்து வெக்கறேன்னுட்டு மூடி வெச்சிருக்கீங்க? ஒரு உசுரு போயிருந்தா யாரு பதில் சொல்றது?"

"தொறந்துதானுங்க வெச்சேன்…" என்றார். "தூர் எடுத்தேன். தெளியட்டும்னு உக்காந்திருந்தேன். தெளிஞ்சுதா பாக்கலாம்னு ஒரு கை குடிச்சேன்… அப்புறம்…" தம் வலக்கையைத் திருப்பிப் பார்த்தார், வேறு யாருடையதோ கையைப் பார்ப்பது போல. "குடிச்சதும் கை மூடிருச்சுங்க."

ஐப்பசியில் பார்த்துவிட்டுப் பங்குனிக்குச் சொன்னவன் நான்தான் என்று அப்போதே இடைமறித்திருக்கலாம். நடை அத்தோடு நின்றது. எல்லாரும் வந்த வழியிலேயே திரும்பிப் பேருந்து ஏறினார்கள்.

அதன்பின் அவர் எதையும் மூடவில்லை.

முதலில் இதைச் சொன்னவர் அவர் மனைவி. சந்தைக்கு வந்த இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்கண்ணா, அந்த மனுசனுக்கு நீங்களாச்சும் சொல்லுங்க. மோரப் பூன குடிச்சுட்டுப் போயிருச்சு. சோத்துப் பானைல பல்லி. தட்டெடுத்து மூடப் போனா கையப் புடிச்சுக்கறாரு. 'யாராச்சும் தாகத்துல வந்தா தேடப்படாது'ங்கறாரு. எங்க ஊட்டுப் பானைய நாமக்கல்லுல இருந்து வந்தா தேடறாங்க?"

சிரிப்பதா என்று தெரியாமல் நின்றேன். அவரும் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல்தான் சொன்னார்.

ஒரு திடீர்க் கோடை மழையில் களத்து மிளகு முழுவதும் நனைந்து பூசணம் பூத்துவிட்டது. சந்தைக்கு வந்த அந்த மூட்டைக்குள் கைவிட்டுப் பார்த்தேன். அவருடையது என்று நம்ப முடியவில்லை.

இவையெல்லாம் அவர் வீட்டு இழப்பு. ஊற்று அப்படியன்று. நாள்தோறும் விடியலில் முகட்டுக்கு ஏறி அந்தக் கல்லைப் புரட்டிவிட்டு வருவதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார். கீழ்க்குடியிருப்புப் பெண்கள் வந்து மூடுவார்கள். மறுநாள் அது திறந்து கிடக்கும். பன்றிகள் இறங்கின. சேறு கலங்கியது. சித்திரை வெயிலில், ஒரு குடம் தெளிந்த நீருக்காக அப்பெண்கள் பாதி நாள் காத்திருக்க நேர்ந்தது. ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். இன்னொரு முறை ஊற்று திறந்து கிடந்தால் அவர் வீட்டோடு ஊரில் ஒருவருக்கும் கொள்வினை கொடுப்பினை இல்லை, பேச்சும் இல்லை என்று முடிவாயிற்று. அவர் மனைவிக்கு அந்தக் குடியிருப்பில்தான் உடன்பிறந்தவள் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

நான் ஓடினேன்.

"ஏனுங்க, நடந்தது நடந்துபோயிற்று. நாங்கள் யாரும் அதை மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. மன்னித்துவிட்டோம்" என்றேன்.

"நீங்க மன்னிப்பீங்க தராசு" என்றார். குரலில் கோபம் இல்லை. "நீங்களா மயங்கி விழுந்தீங்க?"

"நானும்தான் பிழை செய்தேன். ஐப்பசியில் பார்த்துவிட்டு…"

"அது தெரியாமப் பண்ணுனதுங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்ச கை."

அவரெதிரே தண்ணீர்ச் சொம்பு வாய் திறந்து இருந்தது. அதில் ஓர் எறும்பு நீந்திக்கொண்டிருந்தது. அவர் அதை விரலால் எடுத்துத் தரையில் விட்டாரேயன்றி, சொம்பை மூடவில்லை. அந்தக் காட்சியை என்னால் பொறுக்க முடியவில்லை.

மறுநாளே நாமக்கல்லுக்கு இறங்கி, விசாரித்து, அந்தத் தையற்கடையைக் கண்டுபிடித்தேன். என்னைக் கண்டதும் அந்த அம்மையார் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்தார். முகம் வெளிறியது. கடன்காரனைக் கண்டது போல அவர் ஏன் தலை குனிகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

"என்னத் திட்டத்தான வந்தீங்கண்ணா?"

"உங்களை நான் ஏன் திட்ட வேண்டும்?"

"என்னாலதான எல்லாரும் பாதில திரும்புனாங்க! நான் யாருகிட்டயும் சொல்லல. மலைப் பாதைல வளைவு வளைவா வரும், வாந்தி வந்துரும்னு பயந்து, முந்துன நாள் ராத்திரில இருந்து பஸ்ஸு எறங்கறவரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படலீங்க. காலைலயும் ஒண்ணும் திங்கல. 'சாப்டீங்களா'ன்னு நீங்க கேட்டப்போ 'ஆச்சு'ன்னு பொய் சொன்னேன். ஊத்துத் தண்ணி கெடச்சிருந்தாலும் நான் விழுந்துதான் இருப்பேன். அதுக்கப்புறம் வெக்கமாப் போயி அந்தக் குரூப்புப் பக்கமே தலகாட்டல."

ஒரு கல்லின் அடியில் மூன்று பேர் தனித்தனியே நசுங்கிக் கிடந்திருக்கிறோம். பின்பு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: மோர், மிளகு, பன்றி, ஊர்க்கூட்டம். கேட்கக் கேட்க அவர் கண்கள் நிறைந்தன. கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, அடுத்த ஞாயிறே பேருந்து ஏறி வந்துவிட்டார்.

"இந்தத் தடவ சாப்டுட்டுத்தானுங்கண்ணா வந்தேன்" என்றார், செம்மேட்டில் இறங்கியதும், சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தபடி. "பாதி வளைவுலயே எல்லாம் போயிருச்சு."

தேநீர் வாங்கிக் கொடுத்து, சற்றுத் தெளிந்தபின் பெரியவர் வீட்டுக்கு அழைத்துச் சென்றேன். வாசலில் நின்றவரை அவர் உடனே அடையாளம் கண்டுகொண்டார். வேகமாக உள்ளே சென்று, ஒரு சொம்பு நிறையத் தண்ணீரை இரு கைகளாலும் ஏந்தி வந்து நீட்டினார். வந்த வேகத்தில் பாதி வாசலிலேயே சிந்தியது. அந்த அம்மையார் குடித்தார். பிறகு தாம் பட்டினி கிடந்ததையும், பொய் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

அவர் தலையாட்டிக் கேட்டார். கேட்டு முடித்ததும் சொன்னார்: "மயக்கம் உங்களுதா இருக்கட்டும் தாயி. மூடுன கை என்னுதுதானுங்க."

நான் நம்பிக்கை இழந்தேன். அவர் மனைவி கதவோரம் நின்று என்னைப் பார்த்தார். வேறு ஏதாவது சொல்லுங்கள் என்பது போல.

அந்த அம்மையார்தான் எழுந்தார். "செரிங்கண்ணா. அன்னைக்குக் குடிக்காத தண்ணிய இன்னைக்குக் குடிக்கோணும். ஊத்தக் காட்டுங்க."

மூவரும் முகட்டுக்கு ஏறினோம். ஊற்று திறந்து கிடந்தது. சுற்றிலும் பன்றிக் குளம்புகள். நடுவே பழுப்பு நிறச் சேறு. பெரியவர் முழந்தாளிட்டு, சேற்றைக் கைகளால் வாரி வாரி வெளியே எறிந்தார். கலங்கல் தெளிய நெடுநேரம் ஆயிற்று. மூவரும் மூன்று திசையில் பார்த்தபடி காத்திருந்தோம். அடிமணல் தெரிந்தபோது அவர், "குடிங்க தாயி" என்றார்.

"நீங்க மொதல்ல."

"நானுங்களா?"

"ஆமாங்க. வயசுல பெரியவங்க நீங்க. குடிங்க."

அவர் தயங்கி, ஒரு கை அள்ளிக் குடித்தார். அடுத்து என்னைக் குடிக்கச் சொன்னார் அந்த அம்மையார். குடித்தேன். பின்பு தாம் அமர்ந்து, இரு கைகளையும் குவித்து, வயிறு நிறையக் குடித்தார். குடித்து முடித்து எழுந்தவர், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தப் பலகைக்கல்லின் பக்கம் போனார்.

"என்ன தாயி பண்றீங்க?"

"கடைசியாக் குடிச்சது நான்தானுங்களே? அன்னைக்கு ராத்திரி கீழ ஊட்டுல, கூழு குடுத்த அக்கா சொன்னாங்க. கடைசியாக் குடிக்கறவங்கதான் மூடோணுமாம்."

கல் கனமானது. நான் உதவப் போனேன். கையைக் காட்டித் தடுத்துவிட்டார். மூச்சு வாங்கத் தள்ளினார். கல் சரிந்து ஊற்றின் வாயில் கோணலாக அமர்ந்தது. இரண்டு கை சருகை அள்ளி அதன்மேல் கொட்டினார். தையல் தெரிந்தவர் செய்த வேலை போலவே அது இல்லை.

"இனி எனக்கு எடம் தெரியுமுங்கண்ணா" என்றார். "மூடியிருந்தாலும் தெரியும்."

பெரியவர் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் மடங்குவதும் விரிவதுமாக இருந்தன. நெடுநேரத்துக்குப் பின்,

"அப்படி வெச்சா பன்னி மூக்கு நொழையுமுங்க தாயி" என்றார்.

முழந்தாளிட்டார். கல்லின் கோணலை நேர் செய்தார். எஞ்சிய சந்தில் அளவான ஒரு சிறு கல்லைத் தேடி எடுத்துச் செருகினார். சருகைப் பரப்பி, உள்ளங்கையால் தட்டித் தட்டி அமர்த்தினார், உறங்கும் பிள்ளையின் முதுகில் தட்டுவது போல. தட்டிக்கொண்டே இருந்தார். அவர் தோள்கள் குலுங்குவதைக் கண்டு நாங்கள் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

அன்று மாலை அவர் வீட்டில் மோர்ப்பானையின் மீது தட்டு ஏறியது. ஊர்க்கூட்டத்தின் பேச்சும் அத்தோடு அடங்கியது.

ஆயினும் அவர் முற்றும் பழையபடி ஆனார் என்று எழுதினால் அது பொய்யாகும். அந்தக் குழு, தையற்கடை அம்மையாரும் சேர, மீண்டும் வரத் தொடங்கியபின், ஒவ்வோர் ஆண்டும் பங்குனி நடையின் முதல் நாள், விடிந்ததிலிருந்தே அவர் அந்த ஊற்றின் அருகே போய் அமர்ந்துவிடுவார். கல் மூடியே இருக்கும்; அதன் பக்கத்தில் இவர். நடப்பவர்கள் புல்வெளியில் தலைகாட்டிய உடனே எழுந்து, அவர்கள் கேட்கும் முன்னரே கல்லைப் புரட்டுவார். யாரும் தேடலாகாது. எல்லாரும் குடித்துப் புறப்பட்டபின் தாம் கடைசியாகக் குடித்து, மூடிவிட்டு இறங்குவார். தம் கையை அவர் மறுபடி நம்பவே இல்லை என்பது எனக்குத் தெரியும். "பாதையில் ஓர் அடையாளம் நட்டுவிடலாமே, நீங்கள் ஏன் வெயிலில் காய வேண்டும்?" என்று கேட்டேன். "அடையாளம் மன்னிப்புக் கேக்குமாங்க?" என்றார்.

அவருடைய கடைசிப் பங்குனியில் அவரால் எழ முடியவில்லை. நோயையும் நெடுநாள் மூடியே வைத்திருந்திருக்கிறார். அவருக்குப் பதிலாக நான் போய் ஊற்றருகே அமர்ந்தேன். அதற்குள் அந்த முகட்டில் கைபேசிக்குத் தொடர்பு கிடைக்கத் தொடங்கியிருந்தது. நடப்பவர்கள் குடித்துக்கொண்டிருக்கும்போதே அழைப்பு வந்தது.

"எல்லாரும் குடிச்சாச்சுங்களா தராசு?" குரல் மிகவும் மெலிந்திருந்தது.

"குடித்தாயிற்று."

"அந்தத் தாயி?"

"குடித்தாயிற்று. இந்த முறை வழியிலும் எதுவும் போகவில்லையாம்."

மறுமுனையில் சிரிப்பது போல ஓர் ஓசை. புறங்கையால் வாயை மூடியிருப்பார்.

"நீங்க?"

"நான்தான் கடைசி."

"அப்ப மூடிருங்க."

கைபேசியைப் புல்லின் மேல் வைத்துவிட்டுக் கல்லைத் தள்ளினேன். அது உரசிக்கொண்டு சென்று அமரும் ஓசை அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். அதன்பின்னரே இணைப்பு துண்டிக்கப்பட்டது. நடப்பவர்கள் முன்னே போய்விட்டார்கள். நான் குனிந்து பார்த்தேன். கல்லுக்கும் கரைக்கும் நடுவே, ஒரு பன்றி மூக்கு நுழையும் அளவுக்குச் சந்து இருந்தது. அளவான ஒரு சிறு கல்லைத் தேடி, அந்தி சாயும்வரை அந்தப் புல்வெளியில் அலைந்தேன்.